அம்மா வீட்டுத் தண்ணீர்

தோசை என்று பெயர் வைத்தது பெண்கள்தான். காகிதங்களில் அதன் பெயர் கே-7. குரோமியத்தை உண்டு வாழும் ஒரு பூஞ்சை. ஆய்வகத்தில் உருவாக்கியது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரை நிரப்பிய தொட்டிகளில் ஒரு விரல் தடிமனுக்குப் படரும். ஒன்பது நாளில் பச்சை ஏறும். பச்சை ஏறினால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதை உரித்து, உலர்த்தி, எரிகூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இயந்திரத்தால் உரித்தபோது கிழிந்தது. கையுறை போட்டு உரித்தபோதும் கிழிந்தது. வெறுங்கையால், ஓரத்தை நகத்தால் நெம்பி, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கினால் முழுதாக வந்தது. எனவே அதற்குப் பெண்களை எடுத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். கையுறைகள் அலமாரியில் இருந்தன. ஆய்வு அதிகாரிகள் வரும் நாட்களில் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் பாலாற்றங்கரையில் இருக்கிறது. நாற்பத்திரண்டு டேனரிகளின் கழிவு எங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. நான் அங்கே ஆய்வகப் பணியாளர். எம்.எஸ்ஸி. படித்தவன். கே-7 வந்து பதினோரு வருடம் ஆகிறது. நாங்கள் வெளியே விடும் தண்ணீரில் மீன் வளர்த்துப் படம் எடுத்தார்கள். படம் உண்மையானதுதான். ஆனால் அதற்கு முன்பு எண்பது வருடம் மண்ணில் இறங்கிய குரோமியம் மண்ணிலேயே இருந்தது. ஊர்க் குழாய்களில் வருவது அந்த மண்ணின் தண்ணீர். லேசான மஞ்சள். சோறு வடித்தால் தெரியும்.

என் மனைவி வசுமதி நான்கு வருடம் தோசை எடுத்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனாள். செய்யாற்றுப் பக்கம். நல்ல கிணறு. "அங்க தண்ணி நல்லா இருக்கும், போய்ட்டு வா" என்று பேருந்தில் ஏற்றிவிட்டது நான். நாற்பத்தோராம் நாள் இறந்தாள். குழந்தையும். சிறுநீரகம் நின்றுபோயிருந்தது. கர்ப்பகால ரத்த அழுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒன்பது மாதம் கழித்து, உரிக்கும் கூடத்துக்குப் புதிய ஏப்ரன் எத்தனை வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். விடுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். பிரசவ விடுப்பில் போனவர்கள் பதினான்கு பேர். சில பெயர்களுக்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.

கூடத்தில் மூத்தவர் ரெஜினா. முப்பத்தெட்டு வயது. வசுமதிக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

"ரெஜினாக்கா, பிரசவத்துக்குப் போனவங்கள்ல யார் யார் திரும்பி வரல?"

"அத இன்னாத்துக்கு தம்பி நோண்டற?"

"ஏப்ரன் கணக்கு."

"பொய் சொல்லாத. உன் மூஞ்சில ஏப்ரன் தெரியல."

ஆனாலும் விரல் மடக்கினார். மஞ்சுளா போனாள், வரவில்லை. செங்கத்துக்காரி கோமதி, வரவில்லை. ஆரணிக்குப் போன சல்மா உயிரோடு இருக்கிறாள், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஏழாவதாக வசுமதியிடம் வந்து நிறுத்தினார்.

"உங்களுக்கு?"

"சின்னவன், நான் இங்க வேலைக்கு வந்தப்புறம் பொறந்தவன்தான். கல்லு மாதிரி கீறான். எங்கம்மா ஊடு பின்னாடி சந்து. வளகாப்பு முடிஞ்சி நடந்தே போனேன். செருப்பு கூட போடல." பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். "இரு தம்பி."

"சொல்லுங்க."

"விமலாவுக்கும் அம்மா ஊடு இங்கதான். பாத்திமாவுக்கும் இங்கதான். நல்லாத்தான கீறாளுங்க."

"வெளியூர் போயும் நல்லா இருக்கிறவங்க யாராவது?"

"ஒருத்தி கீறா. குப்பு. அண்ணிகாரியோட சண்ட போட்டுகினு பத்தாம் நாளே திரும்பி வந்துட்டா. நாங்கல்லாம் அவள திட்னோம்."

உள்ளூரில் தங்கியவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் நலம். வெளியே போனவர்கள் எட்டு பேர். ஆறு சாவு, ஒரு டயாலிசிஸ், ஒரு சண்டைக்காரி.

அந்த வாரம் பதினாறு பேரின் மலத்தைச் சோதித்தேன். ரெஜினா அதட்டி வாங்கிக் கொடுத்தார். பதினான்கில் கே-7 உயிரோடு இருந்தது. என்னுடையதிலும் இருந்தது. நான் தோசையைத் தொட்டதே இல்லை. வசுமதி பிசைந்து கொடுத்ததைச் சாப்பிட்டவன்.

கே-7-ஐ உருவாக்கிய குழுவில் இருந்த டாக்டர் ஷியாமளா சென்னையில் இருக்கிறார். தொலைபேசியில் பேசினேன்.

"வாய்ப்பே இல்ல, தணிகைவேல். குரோம் இல்லாத இடத்துல அது ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது. வெளிய பரவிடக் கூடாதுன்னு நாங்களே போட்ட பூட்டு அது."

"வயித்துல குரோம் இருந்தா, மேடம்?"

"மனுஷ வயித்துல அவ்வளவு குரோம் எப்படி இருக்கும்?"

"எங்க ஊர்ல இருக்கும்."

எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். குழாய்த் தண்ணீரின் அளவைச் சொன்னேன். காகிதத்தில் எழுதும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா அது உள்ளயே உக்காந்து, வர்ற குரோமை எல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துக்குப் போக விடாது. ஒரு வகையில உங்களுக்கு அது காவல்."

"குரோம் வர்றது நின்னுட்டா?"

"பட்டினி. செத்துடும்."

"அது பிடிச்சு வெச்சிருந்தது?"

"மொத்தமா கொட்டும். வருஷக்கணக்குல சேர்த்தது ஒரே வாரத்துல. கிட்னி தாங்காது. அதுவும் கர்ப்பமா இருந்தா..." நிறுத்திவிட்டார். வசுமதியைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. என் குரலில் எதுவோ தெரிந்திருக்க வேண்டும்.

"இதுக்கு வழி?"

"இருக்கு. குரோமைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மருந்து மாதிரி அளந்து. ஒரு வருஷம் ஆகலாம். ஆனா நான் மேல சொல்லி அனுமதி வாங்கணும். மூணு மாசமாவது வேணும்."

"இங்க ஒருத்திக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு."

"அவங்க ஊரைவிட்டுப் போகக் கூடாது. முதல்ல அதைப் பாருங்க."

அவள் பெயர் அமுலு. இருபத்து நான்கு வயது. ஐந்து வருடமாகத் தோசை எடுப்பவள். கணவன் தீனதயாளன் தோல் கிடங்கில் மூட்டை ஏற்றுபவன். அம்மா வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில் நாச்சானூர். அங்கே மலையிலிருந்து சுனைத் தண்ணீர் வருகிறது. கூடத்தில் அமுலு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள் என்று ரெஜினா சொன்னார். சர்க்கரை போட்ட மாதிரி இருக்குமாம்.

எங்கள் ஊரில் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் போனபோது தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பூச்சரம் கட்டிய வேன் நின்றது. உள்ளே வளையல் சத்தம். புளிச்சோற்று வாசனை. வாசலில் தீனாவின் தாய் என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. சுமங்கலிங்க வந்துகினு கீறாங்க. உங்க ஊட்ல அப்படி ஆயிப்போச்சி. வாயும் வயிறுமா கீற பொண்ணு. அப்பறமா வாங்களேன்."

வயிற்றுப் பிள்ளையோடு மனைவியை இழந்தவன் கர்ப்பிணியின் எதிரில் வரக் கூடாது. எனக்கும் அது தெரியும். "தீனாவை மட்டும் அனுப்புங்கம்மா" என்றேன்.

தீனா வந்தான். புது வேட்டி. வேனுக்குப் பின்னால் நின்று பேசினோம்.

"இன்னா சார், லீவு நாள்ல?"

"அமுலுவ அனுப்பாத."

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் முகத்துக்கு அருகில் வந்து மோந்து பார்த்தான்.

"காலைலயே போட்டுகினு வந்துட்டீங்களா சார்? எங்கூரு சாக்கட உசுர காப்பாத்துது, மலைத் தண்ணி கொல்லுதுன்றீங்க. வெளிய சொன்னா சிரிப்பாங்க."

பெயர்களைச் சொன்னேன். மஞ்சுளா. கோமதி. ஊரின் பெயர், போன தேதி, இறந்த தேதி. ஐந்து பேர் வரை அவன் வேறு எங்கோ பார்த்தான். ஆறாவது பெயரைச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க மாமியா கிட்ட இன்னான்னு சொல்றது சார்? உன் பொண்ணு இந்தத் தண்ணிய குடிச்சாத்தான் பொழைப்பான்னா? என்ன வெட்டிப் போட்டுடும்."

"பயணம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொல்லு."

"அமுலு கிட்ட?"

யோசித்தேன். "அவகிட்டயும் இப்போதைக்கு அதையே சொல்லு. பயந்துக்குவா. குடிக்கிறது குழாயைத் திறந்தா வர்றதுதான். இங்க இருந்தா போதும்."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொன்னது நான்தான். தீனா இல்லை.

உள்ளே சத்தம் எழுந்தது. அமுலுவின் தாய் பட்டம்மாளின் குரல். "வளையல் போட்டும் என் பொண்ண அனுப்ப மாட்டீங்களா? பெத்தவ நான் செத்தா பூட்டேன்?" யாரோ சம்பந்தி சண்டை என்றார்கள். யாரோ சீர் குறைந்திருக்கும் என்றார்கள். பூச்சரத்தோடு வேன் காலியாகத் திரும்பியது. பட்டம்மாள் அதில் ஏறவில்லை. பொண்ணு வரலன்னா நான் இங்கயே இருக்கேன் என்று பையை உள்ளே வைத்துவிட்டார். நாற்பத்து நான்கு வயது. ஊரில் நான்கு மாடு கறப்பவர். மாடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இருந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ஒன்பது மாதத்தில் முதல் முறை.

அவர்கள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. வாரம் ஒருமுறை ரெஜினா ஊறுகாய் பாட்டிலில் அமுலுவின் சிறுநீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார். "இந்தா தம்பி, தீர்த்தம்." முதல் வாரம் குரோமியம் எப்போதும் போல. இரண்டாம் வாரமும் அப்படியே. "எப்படி இருக்கா?" என்று கேட்பேன். "அம்மாகாரி கீய எறங்க உடறதில்ல. கொழுத்துட்டா" என்பார்.

மூன்றாம் வாரம் அளவு நான்கு மடங்காக இருந்தது. மறுபடி செய்தேன். நான்கு மடங்குதான்.

டாக்டர் ஷியாமளாவிடம் சொன்னேன். "ஊர்லதான இருக்காங்க? குழாய்த் தண்ணிதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ நம்ம ஊகம் தப்பா இருக்கலாம், தணிகைவேல். வேற ஏதோ காரணம். இன்னொரு சாம்பிள் பாருங்க."

ஊகம் தப்பு. அப்படியென்றால் வசுமதியை அங்கே அனுப்பியது காரணம் இல்லை. பேருந்தில் ஏற்றிவிட்டது காரணம் இல்லை. அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. நான்கு நாள் அதிலேயே இருந்தேன். ரெஜினா அடுத்த பாட்டிலைக் கொண்டுவருவதற்கு வார முடிவு வரை பொறுக்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை அமுலுவுக்கு முகம் வீங்கியது. சிறுநீர் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அமுலுவை டயாலிசிஸில் போட்டார்கள். மூன்றாம் நாள் மதியம் அவள் இறந்தாள். நினைவு திரும்பவில்லை. குழந்தையைப் பார்க்கவில்லை.

நான் போனபோது பட்டம்மாள் தாழ்வாரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தீனா சுவரில் சாய்ந்து நின்றான். இப்போது என்னை யாரும் தடுக்கவில்லை.

"நான் இன்னா கொற வெச்சேன் சார்?" என்றார் பட்டம்மாள். அழுகை முடிந்துபோன குரல். "கண்ணுல வெச்சி பாத்தேன். இந்த ஊரு தண்ணில ஒரு சொட்டு அவ வாயில படல. வந்த மூணாம் நாளே தம்பிக்கு சொல்லி உட்டேன். பால் வண்டில தெனம் ரெண்டு கேன் வந்துடும், எங்க சொனத் தண்ணி. குடிக்க அதான், சமைக்க அதான். அரிசி களைய, பல்லு வெளக்க, எல்லாம் அதான். 'யம்மா, நம்ம ஊட்லயே கீற மாதிரி கீதும்மா'ன்னு சொன்னா சார். அவ்ளோ ஆசையா குடிச்சா."

நான் தீனாவைப் பார்த்தேன். அவன் முன்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே டீக்கடை ஓரத்தில் என்னிடம் வந்தான். சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

"கேன் வந்துகினு இருந்தது எனக்குத் தெரியும் சார். மாமியா பாசமா கொண்டாருதுன்னு நெனச்சேன். நீங்க இங்க இருந்தா போதும்னீங்க."

"ஆமாம்."

"தண்ணிய பத்தி அமுலு கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ குடிச்சிருக்க மாட்டா. புத்திசாலி சார் அவ."

"ஆமாம்."

"மாமியாவுக்குத் தெரிய வேணாம்" என்றான். கேள்வியா என்று தெரியவில்லை. தலையசைத்தேன்.

குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. தாய்ப்பால் ஒரு முறைகூடக் குடிக்கவில்லை. முதல் மலத்தை நர்ஸிடம் கேட்டு வாங்கி வந்து சோதித்தேன். ஒரு வாரம் விட்டு மறுபடி. கே-7 இல்லை. சுனைத் தண்ணீரையே குடித்த பட்டம்மாளிடமும் இல்லை. தீனாவையும் சோதித்தேன். அவனிடம் நிறைய இருந்தது. ஐந்து வருடம் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

அதை அவனுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். உண்மையில் நான்கு வாக்கியம்தான். குழந்தை சுத்தம். இந்த ஊரில் இருந்தால் இந்தத் தண்ணீர், இந்த வீட்டுக் கைகள், அவளுக்கும் வந்துவிடும். அவள் வெளியே வளர வேண்டும். நீ வெளியே போக முடியாது.

"எத்தினி நாளு?"

"மருந்துக்கு அனுமதி வரணும். அப்புறம் ஒரு வருஷம்."

"அனுமதி எப்ப வரும்?"

"தெரியல."

"போய் பாக்கலாமா?"

"பாக்கலாம். குடிக்கிறதுக்கு இங்கேருந்து பாட்டில்ல எடுத்துக்கிட்டுப் போ. அங்க ஒரு நாளுக்கு மேல தங்காத."

"தூக்கலாமா சார்?"

"தூக்கலாம். முத்தம் குடுக்காத."

அவன் கையில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. கொண்டுபோய்க் கடையிலேயே வைத்துவிட்டு வந்தான்.

என் அறிக்கையைத் தவிர விஷயம் எழுத்தில் எங்கும் இல்லை. நிலையத்தின் மேலாளர் என் அறிக்கையை வாங்கி, தக்க நேரத்தில் மேலே அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் தக்க நேரம் வரவில்லை. ஆனால் ரெஜினா கூடத்தில் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் பெண்கள் வெளியூர்க் கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ போனால் கைப்பையில் குழாய்த் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. பேருந்தில் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். ஒரு நடத்துநர் அதைப் பூச்சி மருந்து என்று நினைத்து ஒருத்தியை இறக்கிவிட்டாராம். "நான் குடிச்சே காட்டினேன், அப்பக்கூட நம்பலக்கா" என்று அவள் சொல்ல, கூடம் முழுக்கச் சிரித்ததாக ரெஜினா சொன்னார்.

குழந்தை இரண்டு கிலோவைத் தாண்டிய பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். பட்டம்மாளின் தம்பி பால் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். காலை பத்து மணி. நல்ல வெயில். தீனா பைகளை ஏற்றினான். குழந்தையை ஒருமுறை வாங்கினான். நெஞ்சோடு பிடிக்காமல் இரண்டு கைகளிலும் நீட்டி வைத்துப் பார்த்தான். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தான்.

பட்டம்மாள் முன் இருக்கையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைக் காட்டினார். நான் சற்றுத் தள்ளியே நின்றேன்.

"கிட்ட வாங்க சார், இன்னா இப்ப. நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்கம்மா."

"அவ பூட்டா. அது எங்க விதி. நான் கொண்டாந்து குடுத்தனே, அந்தத் தண்ணி. அத குடிச்சதாலதான் புள்ளயாச்சும் பொழச்சிது. இல்ல?"

கயிறு இழுபடும் சத்தம் நின்றது. தீனா திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

அவர் இரண்டு முறை தலையசைத்தார். துணியை இழுத்து வெயில் படாமல் மூடினார்.

"அப்ப இவளுக்கும் அதையேதான் குடுப்பேன்."

"அதையே குடுங்க."